ஐந்தடி

2023 தை மாதம், ஒரு காலை நேரம். பொள்ளாச்சிக் கடைவீதியிலிருந்து பிரிந்து சந்தைப்பக்கம் செல்லும் தெருவொன்றில், எங்கள் பழைய வீட்டின் முன்னால் அண்ணன் டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையுடன் பக்கத்துக் கடைச் சுவர்வரை நடந்தார். முகப்பு 22 அடி. உள்ளே 90 அடி ஆழம். அப்பா காலமாகி ஓராண்டு கடந்திருந்தது. வீடு எங்கள் இருவர் பெயருக்கும் வந்திருந்தது. இடிப்பது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. பனங்கைகள் உளுத்து, ஓடுகள் சரிந்து, பின்கட்டின் ஒரு சுவர் முந்தைய மழையிலேயே விழுந்துவிட்டிருந்தது. இடித்த இடத்தில் என்ன எழுப்புவது என்பதில்தான் அடுத்த சில மாதங்கள் நாங்கள் முகங்கொடுத்துப் பேசிக்கொள்ளாமல் இருந்தோம்.

முன்கட்டு தாத்தா காலத்திலிருந்து கயிற்றுக்கடை. மூக்கணாங்கயிறு, தாம்புக்கயிறு, சாட்டை, கழுத்துமணி, சலங்கை. செவ்வாயும் வியாழனும் பொள்ளாச்சியில் மாட்டுச்சந்தை. அந்த இரண்டு நாள் வியாபாரத்தில்தான் அத்தைகளின் கல்யாணமும் எங்கள் படிப்பும் நடந்தன. கடைக்கு இருபுறமும் திண்ணை. திண்ணைக்கு மேல் நான்கு மரத்தூண்களில் நிற்கும் ஓட்டுத் தாவாரம். எங்கள் வரிசையில் ஒன்பது வீடுகள். ஒன்பதிலும் தாவாரம் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஓடியது. ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றோடு சாரல் வரும்போது, தெருக்கோடி மளிகைக்கடையில் சர்க்கரை வாங்கிக்கொண்டு காகிதப் பொட்டலம் நனையாமல் வீடு வந்து சேரலாம். ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து அடுத்த வீட்டுத் திண்ணைக்குக் கால் மண்ணில் படாமல் தாவுவது எங்கள் விளையாட்டுகளில் ஒன்று.

அந்த ஒழுங்கை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஒருவர் வைத்த உயரத்தைப் பார்த்து அடுத்தவர் வைத்தார். ஓட்டின் அளவு ஒன்று, கிடைத்த மரத்தின் நீளம் ஒன்று, கட்டிய கொத்தனார்களும் இரண்டு மூன்று குடும்பத்தார்தான். வேறு விதமாகக் கட்ட வழியில்லாத வறுமையே அந்தத் தெருவுக்கு ஓர் அழகைக் கொடுத்திருந்தது என்று சொன்னால் என் துறை நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அப்படித்தான் எனக்குப் படுகிறது. எதையும் எப்படியும் கட்டலாம் என்ற வசதி வந்தபோது, எதைப் பார்த்துக் கட்டுவது என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்கவில்லை.

முதலில் கோடி வீடு போயிற்று. 1990களின் தொடக்கம். திண்ணை இருந்த இடம்வரை ஷட்டர் வந்தது. நாங்கள் தாவி விளையாடிய வரிசையில் ஒரு பல் விழுந்ததுபோல இருந்தது என்றாலும், அன்று எல்லோரும் அந்தக் கட்டடத்தை வேடிக்கை பார்த்து வியந்தோம், நானும்தான். அடுத்த வீட்டுக்காரர் கட்டியபோது தரையை இரண்டடி தூக்கிக் கட்டினார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. சாலை புதுப்பிக்கப்பட்ட ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேலேயே புதிய தார் ஏறிக்கொண்டிருந்தது. என் சிறுவயதில் இடுப்புயரம் இருந்த எங்கள் திண்ணை, நான் முதுகலை படித்த நாட்களில் முழங்கால் உயரமாகி, அப்பாவின் கடைசி வருடங்களில் கணுக்காலுக்குச் சற்று மேலே வந்து நின்றது. மழை பெய்தால் கயிற்றுக் கட்டுகளைப் பரணுக்கு ஏற்ற வேண்டும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தளம் போட வேண்டும் என்று மாநிலத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியது 2021இல். அதற்குள் எங்கள் தெருவில் வீட்டுக்கொரு மட்டம் உண்டாகிவிட்டது. ஒரு கடைக்கு மூன்று படி, அடுத்ததற்குச் சாய்தளம், அதற்கடுத்ததன் வாசலில் ஜெனரேட்டர், பிறகு மூடி உடைந்த சாக்கடை.

விளைவு, தெருவில் நடப்பவர் ஓரமாக நடக்க முடியாது. 1920இல் நகராட்சியான ஊர் இது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 90,180. ஆனால் சந்தை நாளில் நடமாடும் கூட்டத்தை அந்த எண்ணில் அடக்க முடியாது. சுற்றுக் கிராமத்தாரும் கேரளத்து வியாபாரிகளும் தேங்காய் லாரிகளும் ஒன்றாக நகரும் தெருவின் நடுவே, கைக்குழந்தையோடு ஒரு பெண் நடந்து போவதை நான் பல முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

அண்ணன் கொண்டுவந்த வரைபடத்தில் தரைத்தளம் முழுவதும் ஒரே ஷட்டர். மேலே இரண்டு தளங்கள். முகப்பு முழுவதையும் மூடி, ஏ.சி.பி. என்று அழைக்கப்படும் பளபளக்கும் அலுமினியத் தகடு. கைப்பேசி விற்பனைக் கடை ஒன்று வாடகைக்கு வரத் தயாராக இருந்தது. முன்னால் ஐந்தடி விட்டு, அதை மேல்தளத்தின் அடியில் நிழலான நடைவழியாக வைக்கலாமே என்று நான் சொன்னேன்.

"ஊருக்கெல்லாம் நாம குடை புடிக்க முடியுமா அம்மிணி?" என்றார்.

"அஞ்சடிதானுங்ணா."

"இருவத்திரண்டு அஞ்சு நூத்திப்பத்து. கடைவீதியில நூத்திப்பத்து சதுர அடிக்கு மாசம் என்ன வாடகைன்னு கேட்டுட்டு வா, அப்பறம் பேசலாம்."

அவர் கணக்கில் தவறில்லை. என் பங்கிலும் அதே இழப்பு உண்டு என்பதால் என்னை வெறும் கனவுக்காரி என்று ஒதுக்கவும் அவரால் முடியவில்லை. (மகளுக்கும் பிறப்பால் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. அதன் பயன் இப்படியெல்லாம் வெளிப்படும் என்று சட்டம் செய்தவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.)

நான் ஏன் அதை விரும்பினேன் என்பதை எனக்கே விளக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழ் படித்தவர்கள் திண்ணை என்றதும் உருகிவிடுகிறோம். வழிப்போக்கர் உறங்கிய திண்ணை, பாடம் நடந்த திண்ணை என்று ஒரு பட்டியல் நம்மிடம் தயாராக இருக்கும். பொள்ளாச்சிக்குப் படப்பிடிப்புக்கு வருகிறவர்களும் சுற்றுக் கிராமங்களில் திண்ணை வீடுகளைத்தான் தேடுகிறார்கள். எங்கள் திண்ணையை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, சந்தை நாளில் அங்கே வரக்கூடாது என்று பாட்டி என்னை உள்ளே இழுத்தது. ஆண்கள் நிறைந்திருப்பார்கள். செவ்வாயும் வியாழனும் எனக்குத் திண்ணை கிடையாது. சன்னல் கம்பி வழியாகத்தான் தெரு.

அந்தச் சன்னல் வழியாகப் பார்த்த ஒன்று இன்னும் உறுத்துகிறது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். கயிறு வாங்க வந்தவர்களில் சிலர் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தார்கள். சிலர் தெருவிலேயே, வெயிலில், தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்கள். காசைத் திண்ணையின் விளிம்பில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் போனார்கள். தாத்தா கயிற்றை அதே விளிம்பில் வைத்தார். யாரும் யாரையும் அதட்டவில்லை; எல்லோருக்கும் தம் இடம் தெரிந்திருந்தது. நிழல் இருந்தது, அது யாருக்கு என்பதைத் தாத்தா தீர்மானித்தார். எங்கள் தெருவின் பழைய அழகைப் பற்றி எழுத எடுத்த பேனாவைப் பல வருடம் மூடி வைத்திருந்ததற்கு இதுவே காரணம். எனக்கு வேண்டியது திண்ணையன்று. திண்ணை கொடுத்த நிழல், திண்ணைக்காரரின் அனுமதி இல்லாமல்.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். புகாரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையிலே பகல் சந்தையான நாளங்காடி ஒரு மரச்சோலையில் நடக்கிறது. தொழில்வாரியாகவும் குலவாரியாகவும் தெருக்கள் பிரிந்து கிடக்கிற ஊரில், எந்த வீட்டுக்கும் சொந்தமில்லாத நிழல் அது ஒன்றுதான். பல வருடம் அதைப் பட்டியலாகவே நடத்திக் கடந்துபோயிருக்கிறேன். அண்ணனோடு சண்டையிட்ட அந்த ஆண்டில்தான் அந்த இடத்தில் நின்று, மாணவியரிடம், உங்கள் ஊரில் காசு கொடுக்காமல், யாரையும் கேட்காமல், மதியம் பன்னிரண்டு மணிக்கு நிற்கக்கூடிய நிழல் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பேருந்து நிலையம் என்றாள் ஒருத்தி. கோவில் என்றாள் இன்னொருத்தி. கொஞ்ச நேரம் கழித்து, வங்கி ஏ.டி.எம். என்றாள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி. வகுப்பு சிரித்தது.

2019இல் மாணவியருடன் புதுச்சேரி சென்றிருந்தேன். கடற்கரைப் பக்கத்துப் பிரெஞ்சுத் தெருக்களில் உயர்ந்த மதில்களும் மூடிய வாயில்களும். கால்வாயைத் தாண்டித் தமிழர் பகுதிக்கு வந்தால் திண்ணையும் தாழ்வாரமும். அங்கே வைசியாள் வீதி என்று வழங்கும் கால்வே சுப்பராயச் செட்டி வீதியில் வரிசையாகச் சில வீட்டு முகப்புகளைச் செப்பனிட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' திட்டத்தில், இத்தாலியின் ஊர்பினோ, பிரான்சின் வில்நவ்-சூர்-லோ ஆகிய ஊர்களின் கூட்டுறவோடு, 2002 முதல் 2004 வரை இன்டாக் அமைப்பு முன்னின்று செய்த வேலை. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று அதற்குக் கிடைத்தது. தனித்தனி வீட்டுக்கு மெருகேற்றாமல் தெருவையே ஒரு பொருளாக எண்ணியதுதான் என்னைக் கவர்ந்தது. ஒரு வீட்டின் தாழ்வாரம் முடிகிற உயரத்திலேயே அடுத்ததன் தாழ்வாரம் தொடங்குகிறது. கண் தட்டாமல் போகிறது. மாணவியர் தூண்களில் சாய்ந்து நின்று படமெடுத்துக்கொண்டார்கள். ஆனால் மரபு என்று முத்திரை குத்தப்பட்ட தெருவில் இது நடப்பது எளிது. கயிற்றுக்கடையும் உர மூட்டைக் கடையும் உள்ள தெருவுக்கு யார் விருது கொடுப்பார்கள்?

அதற்கு வேறொரு ஊரைப் பார்க்க வேண்டும். என்னிடம் படித்த ஒருத்தி சிங்கப்பூரில் இருக்கிறாள். சிராங்கூன் சாலைப் படங்களை அவள் அனுப்பும்போதெல்லாம் என் கண் கடைகளுக்கு முன்னால் தூண்களுக்கிடையே ஓடும் அந்த நடைவழிக்கே போகும். மலாயில் அதைக் காக்கி லீமா என்கிறார்கள். ஐந்தடி என்றே பொருள். 1822இல் ராபிள்ஸ் நகரை வகுத்தபோது, ஒவ்வொரு வீட்டுக்கும் தெருப்பக்கம் மூடிய தாழ்வாரம் வேண்டும், அது எப்போதும் திறந்து, தெருவின் இருபுறமும் தொடர்ந்த வழியாக இருக்க வேண்டும் என்று விதித்தார். நிலம் வீட்டுக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. அது சண்டையில்லாமல் நடந்துவிடவில்லை. கடைக்காரர்கள் அந்த ஐந்தடியில் சரக்கை அடுக்கினார்கள். அதை அகற்ற முயன்றபோது 1888இல் கலவரமே மூண்டது. பின்னர் 1989இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. இடிந்த வீட்டுக்குப் பதிலாக இடையில் புதிதாக ஒன்று கட்டினாலும் அந்த ஐந்தடி தொடர்ந்தாக வேண்டும். இத்தாலியின் பொலோன்யாவில் இதே விதி 1288ஆம் ஆண்டிலேயே இருக்கிறது: புது வீடு கட்டுகிறவர் முன்னால் தூண் நடையும் கட்ட வேண்டும், குதிரையில் வருகிறவர் தலை இடிக்காத உயரத்தில். அந்த ஊரில் இன்றும் 60 கிலோமீட்டருக்கு மேல் அப்படி நடக்கலாம். அரசன் கட்டிக்கொடுத்ததில்லை. வீட்டுக்கு இத்தனை அடி என்று சேர்ந்தது.

எங்கள் தெருவில் இது ஏன் ஆடம்பரமல்ல என்பது ஒரு சின்னக் கணக்கு. இந்தியச் சாலைப் பேரவையின் 2012 வழிகாட்டுதல்படி நடைபாதையில் தடையின்றி நடக்க 1.8 மீட்டராவது வேண்டும். தளத்தின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. எங்கள் தெரு சாக்கடையையும் சேர்த்து 24 அடி, அதாவது 7.3 மீட்டர். இருபுறமும் 1.8 மீட்டர் எடுத்துவிட்டால் வண்டிக்கு மிஞ்சுவது 3.7 மீட்டர். சந்தைத் தெருவில் அது ஆகாத காரியம். 2019இல் திறக்கப்பட்ட சென்னைப் பாண்டிபஜார் நடைவளாகமும் கோவை ஆர்.எஸ்.புரத்துத் திவான் பகதூர் சாலையும் அகன்ற தெருக்கள். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் வந்த நகரங்கள் அவை. பார்க்க நன்றாகவே இருக்கின்றன. நானும் அங்கே நடந்து மகிழ்ந்திருக்கிறேன். அந்த மாதிரியை அப்படியே பெயர்த்து எங்கள் 24 அடித் தெருவில் வைக்க முடியாது. பழைய ஊர்களின் குறுகிய தெருக்களில் நடைபாதை ஒரே இடத்திலிருந்துதான் வர முடியும்: வீட்டு மனைக்குள்ளிருந்து, மேல்தளத்தின் அடியிலிருந்து.

சட்டம் இதற்கு எதிரி என்றும் சொல்ல முடியாது. 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் புரட்டிப் பார்த்தேன் (இலக்கணம் படித்தவளுக்கு நூற்பா நடை அச்சமூட்டுவதில்லை). எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம், எத்தனை வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றெல்லாம் அளந்து சொல்கிறது. விட்ட இடம் பக்கத்து வீட்டார் விட்ட இடத்தோடு சேர வேண்டும் என்று எங்கும் நான் காணவில்லை. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் விரிவான வளர்ச்சித் திட்டம் என்று ஒன்று உண்டு. ஒரு பகுதியின் கட்டடங்களுடைய உயரம், தன்மை, முகப்பு இவற்றையெல்லாம் வகுத்துச் சொல்ல அதில் வழியிருக்கிறது. மூன்று வரி போதும் என்று தோன்றுகிறது: இந்தத் தெருவில் இடித்துக் கட்டுகிறவர் தரைத்தளத்தில் ஐந்தடி உள்வாங்குக, தளம் இந்த மட்டத்தில் இருக்கட்டும், அதற்கு ஈடாக மேலே இவ்வளவு சதுர அடி கூடுதலாகக் கட்டிக்கொள்க. முகப்பு ஓடா தகடா, பச்சையா சிவப்பா என்பதை அண்ணன்மார் தீர்மானித்துக்கொள்ளட்டும். அந்த மூன்றாம் பகுதி இல்லாமல் முதல் இரண்டும் நடக்காது என்பதை நான் அண்ணனிடம் கற்றேன்.

கடைசியில் அண்ணன் ஒப்புக்கொண்டதற்குச் சிலப்பதிகாரமும் காரணமில்லை, சிங்கப்பூரும் காரணமில்லை. வரைபடம் போட்ட இளம் பொறியாளர் ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "மேற்குப் பாத்த முகப்புங்க. மத்தியானத்துல இருந்து சாயங்காலம் வரைக்கும் கண்ணாடி மேல வெயில். ஏ.சி. நிக்காம ஓடும்" என்றார். நிழல் விழுந்தால் மின்கட்டணம் குறையும், கடைக்காரரும் விரும்புவார் என்றார். அண்ணன் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "நாலடி போதுமா?" என்று கேட்டார். ஐந்தில் நின்றோம். தகடு வேண்டாம் என்ற என் கோரிக்கை ஏற்கப்படவில்லை. இளநீலம்.

2024 ஆவணியில் புதுமனை புகுந்தோம். தூண்கள் நான்கு, பழைய மரத்தூண்கள் நின்ற அதே இடைவெளியில். அது என் ஒரே பிடிவாதம். தளம் சாலையிலிருந்து அரையடி உயரம். முதல் வாரம் வெறும் தரை பளபளவென்று கிடந்தது. இரண்டாம் வாரம் பதினோரு இருசக்கர வண்டிகள் நின்றன. எண்ணிப் பார்த்தேன். அண்ணன் தொலைபேசியில், "உன் நடைபாதை நல்லா நடக்குது அம்மிணி" என்றார். முன்விளிம்பில் இரும்புக் குழாய்கள் நட்டோம். அதற்குப் பிறகு வண்டிகள் குறைந்தன. ஆட்கள் வந்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் மாடு விற்ற பணத்தை எண்ணிக்கொண்டு சிலர் தூணோரம் குந்தியிருப்பார்கள். பூ விற்கும் அம்மா ஒருவர் வடக்குத் தூணடியில் கூடையோடு உட்கார ஆரம்பித்தார். கடைக்காரர் அவரை எழுப்பச் சொன்னார். தெருவோர வியாபாரிகளைப் பாதுகாக்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதே என்று நான் பேச்செடுக்க, அது தெருவுக்குத்தானே, இது நம்ம இடமல்லவா என்று அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. தாத்தாவின் கேள்வியும் அதுதான். பூக்காரம்மா கூடையைத் தூணுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து தூணுக்குப் பின்னால் அரையடி நகர்த்திக்கொண்டார். நடப்பவர்களுக்கு வழி விட்டாயிற்று. யாரும் அதற்கு மேல் பேசவில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

ஆனால் எங்கள் நடைவழி 22 அடி மட்டுமே. தெற்கே இருந்து வருகிறவர் பக்கத்துக் கடையின் மூன்று படிகளைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கி, பிறகு எங்கள் நிழலில் ஏறி, எட்டு ஒன்பது தப்படி வைத்து, மறுபடி வெயிலில் இறங்க வேண்டும். பெரும்பாலோர் இதற்காக ஏறுவதில்லை. ஏன் ஏற வேண்டும்? வயதானவர்கள் மட்டும் ஏறுகிறார்கள். நடப்பதற்காக அல்ல, நிற்பதற்காக.

சென்ற மாதம் வடக்குப் பக்கத்து வீட்டில் பழைய ஓடுகளை இறக்கினார்கள். எங்கள் வரிசையில் மிஞ்சியிருந்த கடைசித் தாவாரம் அது. ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது அவர்களுடைய மேஸ்திரி எங்கள் நடைவழியில் குந்தி உட்கார்ந்து, தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை எங்கள் வடக்குத் தூணோடு சேர்த்துப் பிடித்திருந்தார். மறுமுனை அவர்கள் மனைக்குள் ஒரு பையன் கையில். குழாயில் தண்ணீர் ஆடி அடங்கும்வரை இருவரும் அசையவில்லை. பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எங்கள் தூணில் ஒரு கோடு போட்டார்.

"மட்டம் இதுவே வெச்சுக்கலாமுங்களா?" என்று என்னைக் கேட்டார்.

"வெச்சுக்கங்க. முன்னால எவ்வளவு உடறாங்க?"

"அது இன்னும் சொல்லலீங்க. பங்காளிங்களுக்குள்ள பேச்சு நடக்குது" என்றார்.

கோடு இன்னும் தூணில் இருக்கிறது. பூக்காரம்மா அதற்கு மேலே ஓர் ஆணி அடித்து மாலை தொங்கவிட்டிருக்கிறார்.